தள்ளாதீங்க, ஏறுங்க!

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், உள்ளாட்சித் தேர்தலுக்கு மனு வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரின் கரிசல் பாதையில் நடந்தது இது. இப்போது சொல்ல ஆரம்பித்தாலும் என் வலது கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தேடுகிறது.

எங்களுக்குச் சிவகாசியில் பேப்பர் வியாபாரம். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றித் தரும் பெண்களுக்குப் பேப்பர் கொடுத்துவிட்டு, சுற்றிய குழாய்களை வாங்கி வருவது என் வேலை. அதற்கு நான் எடுத்துப் போவது என் மாமனார் ஆசை ஆசையாக வாங்கிய காண்டஸா கார். என் வீட்டுக்காரருக்கு அதைத் தொடவே பயம், ஸ்கூட்டரே போதும் என்பார். எனக்கோ அதன் மேல் பைத்தியம். லேசாக மிதித்தாலே சீறிக்கொண்டு போகும். பர்தா போட்ட பொம்பளை அம்புட்டுப் பெரிய வண்டியை ஓட்டி வருகிறாளே என்று ஊர்கள் வாய் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மழைக்காலத்தில் லாரிக்காரர்களே யோசிக்கும் கரிசல் பாதையில் நான் சறுக்காமல் போய் வந்துவிடுவேன். நம்மை அடிக்க ஆளில்லை என்ற நினைப்பு.

எங்களுக்குக் குழாய் சுற்றிய ஒரு அக்கா அந்த வருடம் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிற்க முடிவு செய்தார். பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஊரில் தேர்தல் என்று ஒன்று நடந்ததே கிடையாது. பெரிய வீட்டு முற்றத்தில் பேசி முடித்துவிடுவார்கள். இந்தத் தடவை அந்த வீட்டு மருமகள் என்று முடிவாகியிருந்தது. வேறு யாரும் மனு போடாவிட்டால் அவர்தான் தலைவர்.

மனு வாங்கும் கடைசி நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா ஒரு ரூபாய் போனிலிருந்து பேசினார். அழைத்துப் போவதாகச் சொன்ன ஷேர் ஆட்டோக்காரர் திடீரென்று வரமாட்டேன் என்றுவிட்டாராம். யார் சொல்லி என்று கேட்கவா வேண்டும். மூன்று மணிக்குள் வெம்பக்கோட்டை யூனியன் ஆபீசில் இருக்க வேண்டும், பஸ்ஸை நம்ப முடியாது. “பாயம்மா, நீங்க வந்தாத்தான் உண்டு” என்றார்.

எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. டிக்கியில் அடுக்கியிருந்த பேப்பர் பண்டல்களை என் வீட்டுக்காரரும் நானும் மளமளவென்று இறக்கிப் போட்டோம். பாரம் இல்லாவிட்டால் வண்டி பறக்கும் அல்லவா? தார் ரோட்டில் பறக்கத்தான் செய்தது.

ஊருக்குள் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஒரு மழை. பத்து நிமிஷம் கூட இருக்காது, சடசடவென்று பெய்துவிட்டு வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பாதை அடியில் காய்ந்துதான் கிடந்தது. மேலாக்க மட்டும் எண்ணெய் பூசின மாதிரி ஒரு வழவழப்பு. போய்விடலாம் என்று மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக விலகி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. இப்போது வரும் சின்னக் கார்களில் முன்சக்கரம் இழுக்கும். காண்டஸாவில் பின்சக்கரம்தான் தள்ள வேண்டும். எஞ்சின் பலம் முழுவதும் அந்தப் பின்சக்கரத்துக்குப் போக, அது மண்ணை வாரி வாரி இறைத்ததே தவிர வண்டி அசையவில்லை. இறங்கித் தள்ளப் போன அக்காவின் புதுச்சேலை முழுக்கக் கரிசல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அழவில்லை. பக்கத்துப் புஞ்சையில் கிடந்த சோளத்தட்டையை அள்ளி, முன்னால் பாதை நெடுகப் போட்டுக்கொண்டே போனார்.

அப்போது எதிரே ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். மழை என்றால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலையை நிறுத்திவிடுவார்கள். சீக்கிரம் விட்டதால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், அக்காவின் ஊர்க்காரர்கள்தான். விஷயத்தைச் சொன்னதும் தூக்குச்சட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, “நாங்க தள்ளுதோம், நீங்க எடுங்க” என்று வந்துவிட்டார்கள். வெள்ளி மருந்து ஒட்டிய கைகளால் அவர்கள் தள்ள, நான் மிதிக்க, சக்கரம் அதே இடத்தில் விர்ரென்று சுற்றியது.

தள்ளியவர்களில் ஒருத்தருக்குக் கால் வழுக்கியது. நல்ல வாட்டசாட்டமான ஆள், டிக்கி மேலேயே குப்புற விழுந்தார். அந்த நொடியில் வண்டி விசுக்கென்று ஒரு முழம் முன்னால் போனது! அவர் எழுந்ததும் மறுபடியும் வெறும் சுற்று.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் இந்தப் பாதையில் சறுக்காமல் ஓட்டியது என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேனே, அது டிக்கியில் கிடந்த பேப்பர் பண்டலின் சாமர்த்தியம்! பின்சக்கரத்தைத் தரையோடு அமுக்கிப் பிடித்தது அந்தப் பாரம்தான். அதைத்தானே நானே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்!

“தள்ளாதீங்க, ஏறுங்க!” என்று கத்தினேன்.

விழுந்து எழுந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இறங்கித் தள்ளுனாத்தான் வண்டி போகும். ஏறுனா எப்படிப் போகும்? பாயம்மாவுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?”

“ஏறுங்கக்கா, அப்புறமாத் திட்டுங்க!”

பின்சீட்டில் நாலு பேர். டிக்கியைத் திறந்துவிட்டு, அதில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூன்று பேர். முக்காட்டில் குத்தியிருந்த ஊசியால் பின்டயர்களின் வால்வை அமுக்கிக் கொஞ்சம் காற்றையும் இறக்கினேன், டயர் சப்பையாகி அகலமாகப் பதியட்டும் என்று. இரண்டாவது கியர் போட்டு, இந்தத் தடவை முட்டையை மிதிப்பது போல மெதுவாக மிதித்தேன். வண்டி நகர்ந்தது. சோளத்தட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. உள்ளே ஒரே குலவை!

குலவைக்கு நடுவில் பின்னாலிருந்து ஒரு அலறல். “ஏத்தா, நிறுத்துங்க! மனு போடுத ஆளே அங்கன நிக்கி!”

அக்கா முன்னால் தட்டை போட்டுக்கொண்டிருந்தாரே, அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். நிறுத்தினால் மறுபடியும் கிளம்புமோ, யாருக்குத் தெரியும்? “ஓடி வந்து ஏறச் சொல்லுங்க, நிறுத்த மாட்டேன்!” என்றேன். அவர் ஓடினார். மனு இருந்த மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டிக்கு இணையாக அப்படி ஓடினார். முன்கதவைத் திறந்து பிடித்தேன். ஒரு காலை உள்ளே வைத்துத் தாவினார், பின்சீட்டிலிருந்து நாலு கை அவரை ரவிக்கையோடு பிடித்து இழுத்துப் போட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷக் கூச்சலை நான் போட்டதில்லை.

தார் ரோடு வந்ததும் இறக்கிவிடலாம் என்று பார்த்தால், ஒருத்தரும் இறங்கவில்லை. டிக்கி திறந்த வாக்கில் யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். கேட்டைச் சாத்தப் போன போலீஸ்காரர் ஆளாளுக்கு இறங்குவதைப் பார்த்துத் திகைத்து, “இம்புட்டுப் பேரும் வேட்பாளரா?” என்றார். “இவுகதான் வேட்பாளர். நாங்க வெயிட்டு” என்று பின்னாலிருந்து பதில் வந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே விட்டுவிட்டார்.

உள்ளே போன பிறகுதான் அடுத்த இடி. மனுவை முன்மொழிய அந்த ஊர் வாக்காளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேயே காத்திருப்பதாகச் சொன்ன கடைக்காரரைக் காணவில்லை. ஆட்டோக்காரருக்குப் போன சேதி அவருக்கும் போயிருக்க வேண்டும். சேறும் வியர்வையுமாக நின்ற அக்காவின் முகம் செத்துப்போனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் வெளியூர்க்காரி, என் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை.

டிக்கி மேல் விழுந்தாரே, அவர் முன்னால் வந்தார். “எனக்கும் அந்த ஊருலதான் ஓட்டு. நான் போடுதேன்.”

கூட வந்த பெண்கள் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். ஏனென்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் குடும்பம் விதைத்திருந்தது பெரிய வீட்டு நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு. அது அந்த அறையில் இருந்த எல்லோரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். வெள்ளி மருந்துக் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். வாக்காளர் பட்டியலில் அவர் பேரைத் தேடிப் பார்த்துவிட்டு அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டார்.

அந்த ஊரில் முதல் தடவையாக ஓட்டுப் பெட்டி வந்தது. அக்கா கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். கையெழுத்துப் போட்டவருக்கு மறு வருடம் அந்த நிலம் கிடைக்கவில்லை. வருத்தமா என்று கேட்டேன். “போனாப் போகுது பாயம்மா. நீங்க என்னமோ வெயிட்டுக்குன்னு ஏத்துனீக, நானும் சும்மா உக்காந்து வருவேனாக்கும்?” என்று சிரித்தார்.

அவர்களை ஏற்றும்போது ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது, பேப்பர் பண்டலுக்குப் பதிலாகத்தான் ஏற்றினேன். இன்றைக்கும் வியாபாரம் ஆட்டம் காணும்போது, முதலில் யாரை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று வீட்டில் பேச்சு வரும். எனக்கு அந்தக் கையெழுத்துத்தான் கண்ணில் நிற்கும், யாரையும் இறக்கிவிட மனசு வராது, இன்னும் யாரைக் கூப்பிடலாம் என்றுதான் சுற்றுமுற்றும் பார்ப்பேன்.