ஹார்மன் உட்கார்ந்த பள்ளம்

ரின்ஸ்கேவுக்குப் பிப்ரவரி மாதம் இடுப்பின் இடது பக்கம் வலிக்கத் தொடங்கியது. வேலையால் வந்த வலி என்றுதான் முதலில் நினைத்தாள். மக்கும் என்ற கடலோரக் கிராமத்திலும் சுற்று வட்டாரத்திலும் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, வீங்கிய கால்களில் இறுக்கமான மருத்துவக் காலுறைகளை மாட்டிவிடுவது அவள் வேலை. ஒவ்வொரு காலுறையும் ஒரு மல்யுத்தம். ஐம்பத்தெட்டு வயதில் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்?

வலி காரிலிருந்து வருகிறது என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

நவம்பரில் அவள் கணவன் ஹார்மனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் முழுசாகத் தப்பித்துக்கொண்டது. அதுவரை காரை ஓட்டியது அவன்தான். ரின்ஸ்கேவிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தும் அவள் வேலைக்குச் சைக்கிளில் போவாள். இருவரும் சேர்ந்து போனால் அவன் ஓட்டுவான், அவள் பக்கத்தில் உட்காருவாள். இப்போது வாரம் மூன்று நாள், காலை வேலை முடிந்த கையோடு, அவனை ஏற்றிக்கொண்டு லேவார்டன் நகரத்தில் உள்ள இயன்முறைப் பயிற்சி மையத்துக்கு அவளே ஓட்ட வேண்டியிருந்தது.

"மூணாவது கியரப் போடு. எஞ்சின் அழுவுறது கேக்கலையா?" என்பான் ஹார்மன்.

"எஞ்சின் அழுவுறது கேக்குது. நான் அழுவுறதுதான் இந்த வண்டியில யாருக்கும் கேக்கல."

அது ஸ்வீடன் நாட்டுப் பழைய கார், உள்ளே கருப்பட்டி நிறத்தில் தோல் இருக்கை. தொண்ணூற்றைந்து கிலோ எடையுள்ள ஹார்மன் இருபத்தோரு வருடம் அதில் ஏறி இறங்கியிருக்கிறான். அந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். இறங்கும்போதெல்லாம் கதவுப் பக்க விளிம்பின் மேல் சறுக்கித்தான் இறங்குவான். அந்த விளிம்பில் தோல் வெடித்து, உள்ளே இருந்த நுரை மெத்தை பொடிந்து, இடது பக்கம் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அவன் உடம்புக்கு அது பொருந்தியது. அவளை அது சாய்த்தது. துண்டை மடித்து வைத்துப் பார்த்தாள். லேவார்டன் போவதற்குள் துண்டு நழுவிவிடும். பொடிந்த நுரையின் மஞ்சள் நிறத் துகள் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது. அவள் காலுறை மாட்டிவிடும் கிழவி ஒருத்தி, "என்னடி, மாவு பிசைஞ்சுட்டு அப்படியே வந்துட்டியா?" என்று கேட்டாள்.

ஈஸ்டருக்கு நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. படுத்துத் தூங்க வேண்டும் என்று உடம்பு கெஞ்சியது. ஆனால் தோலை ஒட்டும் பசை, வெடிப்பை நிரப்பும் பசை, வண்ணம், பஞ்சு, புது நுரைத் துண்டு எல்லாம் அடங்கிய, இருக்கையைச் சரிசெய்ய அவள் வரவழைத்த பெட்டி தபாலில் வந்துவிட்டது.

"அது என் சீட்," என்றான் ஹார்மன்.

"நீ இப்ப உக்கார்றது அந்தப் பக்கத்து சீட்டுல."

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சக்கர நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அதற்குப் பிறகு "காப்பி", "கம்பளி" என்று ஒற்றைச் சொற்களாகத்தான் பேசினான்.

வெள்ளிக்கிழமை காலை பேட்டரியைக் கழற்றிவிட்டு, நான்கு போல்ட்டுகளை அவிழ்த்து, இருக்கையை வெளியே இழுத்தாள். கார் நின்ற கொட்டகையில் கடல் காற்று ஊசியாய்க் குத்தியது. அந்தக் குளிரில் பசை காயாது. முதுகுப் பகுதியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, உட்காரும் பகுதியை மட்டும் மார்போடு அணைத்து அடுக்களைக்குத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் போட்டாள். நான்கு நாளும் மேசையின் மூலையில் தட்டை வைத்துத்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

தோலைப் பிடித்திருந்த கம்பி வளையங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக நறுக்கி உறையை உரித்தாள். பள்ளம் அப்போதுதான் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவன் தொடையின் அகலம், அவன் சாய்ந்து உட்காரும் கோணம், எல்லாம் அச்செடுத்தாற்போல் இருந்தன. ரின்ஸ்கே கொஞ்ச நேரம் அதில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, உதிர்ந்த நுரையை விரல்களால் தோண்டித் தோண்டி வாளியில் போட்டாள். புது நுரைத் துண்டை ஒட்டி, மேட்டைச் சீவத் தொடங்கினாள்.

"அது ரொட்டிக் கத்தி," என்றது ஜன்னலோரக் குரல்.

"தெரியும்."

"நாளைக்கு எனக்கு அதுலதான் ரொட்டி வெட்டுவியா?"

"கழுவிட்டு."

அவ்வளவுதான். 

சனிக்கிழமை தோலைச் சோப்பு நுரையால் தேய்த்தாள். இருபத்தோரு வருட அழுக்கு காப்பித் தண்ணீர் மாதிரி ஓடியது. கிழிசலுக்கு அடியில் துணி வைத்து ஒட்டினாள். வெடிப்புகளில் பசையை மெல்லப் பூசி, முடி உலர்த்தியால் காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசினாள். இத்தனைக்கும் நடுவே அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள், கால்சட்டை மாற்றிவிட்டாள், உருளைக்கிழங்கு வேகவைத்தாள். உப்புத்தாளைப் பிடித்தபடியே ஒரு தரம் தூங்கியும் போனாள்.

ஞாயிறன்று வண்ணம். பஞ்சில் தொட்டு ஒற்றினாள். ஈரத்தில் சரியாகத்தான் இருந்தது. காய்ந்தபின் தக்காளித் தொக்கு மாதிரி நின்றது. துடைத்துவிட்டு, கொஞ்சம் கறுப்பு சேர்த்துப் பூசினாள். இப்போது கல்லீரல் நிறம். அதையும் துடைத்தாள். பஞ்சைக் கழுவு தொட்டியில் எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட அலுப்பாக இருந்தது.

நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது.

"சிவப்பு ஜாஸ்தி. பச்சை ஒரு சொட்டு விடு."

"பச்சையா? உனக்கென்ன பைத்தியமா?"

"முப்பத்தாறு வருஷம் படகுக்குப் பெயின்ட் கலந்தவன் சொல்றேன். சிவப்ப அடக்கப் பச்சையாலதான் முடியும். அந்தப் பெட்டிக்குள்ள குட்டிக் குப்பி நாலு இருக்கு பாரு, அதுல ஒண்ணு பச்சை. கிண்ணத்த எடுத்துக்கிட்டு இங்க வா. விளக்கு வெளிச்சத்துல பாக்காத, அது பொய் சொல்லும்."

அவனால் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. அவள் ஜன்னலோரம் மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டாள். அவன் வலது கையால் காப்பிக் கரண்டியைச் சுழற்றினான். ஒரு சொட்டு பச்சை, கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை, அரைச் சொட்டு மஞ்சள். வெளியே தெரியாத அடித்தோலில் தடவி, காயவைத்துப் பார்த்தார்கள். ஐந்து முறை ஆயிற்று. அவள் முழங்கால் மரத்துப்போனது. அவன் நெற்றியில் வேர்த்தது.

"போதும். இதான்," என்றான் கடைசியில்.

அதுதான். காய்ந்தபின் பழைய தோல் எங்கே முடிகிறது, புது வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று ரின்ஸ்கேவாலேயே சொல்ல முடியவில்லை.

ஹார்மன் நல்ல கையை நீட்டி விளிம்பை அமுக்கிப் பார்த்தான். உயர்ந்து, விறைப்பாக இருந்தது.

"என் பள்ளம் போச்சு."

"ஆமா. போச்சு."

"என்னால இனிமே ஓட்ட முடியாது, இல்ல ரின்ஸ்கே?"

நவம்பரிலிருந்து இந்தக் கேள்வியை அவன் யாரிடமும் கேட்டதில்லை. மருத்துவரிடமும்கூட. அவள் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"முடியாது ஹார்மன்."

"ம்," என்றான். விளிம்பை மறுபடி தடவிக்கொண்டே, "மேல வார்னிஷ் கனமா அடிச்சிடாத. பளபளன்னு மலிவாத் தெரியும்," என்றான்.

திங்களன்று இருக்கையை மறுபடி காரில் பூட்டினாள். தையல் ஓரத்தில் ஓரிடம் சற்று இருண்டிருந்தது. உறையின் பின்பக்கம் ஒரு சுருக்கம் எவ்வளவு இழுத்தும் போகவில்லை. இழுத்துக்கொண்டே இருக்க அவளிடம் தெம்பில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை ஏழு வீடு, பதினான்கு காலுறை. அதன்பின் லேவார்டன். வழியில் ஹார்மன் கியரைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன் பக்கத்து இருக்கை குறுகல் என்று மட்டும் குறை சொன்னான். "இருபத்தோரு வருஷம் இதுல எப்படித்தான் உக்காந்தியோ!"

"நீ கேட்டதே இல்லையே."

அவனை மையத்துக்குள்ளே விட்டுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தாள். இடுப்பு நேராக இருந்தது. ஒரு மணி நேரம் இருக்கிறது. கடைக்குப் போய் வரலாம் என்று நினைத்தாள். நினைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

கண்ணாடியைத் தட்டும் சத்தம். கோட்டும் இல்லாமல் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள் பயிற்சியாளர் நாஜத். பக்கத்தில் நாற்காலியில் மூக்கு சிவந்துபோய் ஹார்மன்.

"கால் மணி நேரமா இங்கதான் நிக்கிறோம். தட்டவே விடமாட்டேன்னுட்டார் உங்க வீட்டுக்காரர். எனக்கு அடுத்த ஆள் காத்திருக்காங்க. அதான் தட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க," என்றாள் நாஜத்.

ரின்ஸ்கே அவசரமாக இறங்கி அவன் பக்கக் கதவைத் திறந்தாள். "எழுப்பியிருக்கலாம்ல? விறைச்சுப் போயிருக்கியே!"

"குறட்டை விட்டே. எஞ்சின் ஓடுதுன்னு நெனச்சேன்," என்றான்.

நாஜத்தும் அவளும் சேர்ந்து அவனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். செத்துப்போன இடது காலை ரின்ஸ்கே குனிந்து எடுத்து உள்ளே வைத்தாள், பெல்ட்டை மாட்டினாள், நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டாள். வீட்டுக்குப் போனதும் அவனை இறக்க வேண்டும், சூப் வைக்க வேண்டும், மேசையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்ட வேண்டும். சுற்றிவந்து தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள்.