வேலை முடியாத ரிவால்வர்

ஃபௌஸ்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கார்தோனே ஊரில் முப்பத்தோரு வருஷமாக ஒரே கடையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அவள் விற்பதும் பழுது பார்ப்பதும் பழைய மாதிரி ரிவால்வர்கள். உருளையின் ஒவ்வொரு அறையிலும் கருமருந்து போட்டு, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் தீப்பொறிக்கென்று குட்டிச் செப்புத் தொப்பி மாட்டிச் சுடும் ரகம். கார்தோனே இருக்கும் பள்ளத்தாக்கின் பட்டறைகளில் செய்கிறார்கள். போட்டியில் சுடுகிறவர்கள் வாங்குகிறார்கள். இலையுதிர் காலத்தோடு கடையை மூடிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை ஒத்தொரீனோ வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பதினைந்து வருஷ வாடிக்கை. ஜனவரியில் மனைவி இர்மா போய்ச் சேர்ந்தாள். உருளை சுழலவில்லை என்று அவர் கொடுத்திருந்த ரிவால்வர், ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய் போட்டு இழுப்பறையில் தயாராக இருந்தது.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. மருந்து, தொப்பியெல்லாம் எடுத்து வைக்கட்டா?"

"வேண்டாம். வீட்டுல கொஞ்சம் கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை தவிர சுடுகளம் திறப்பதில்லை. புதன்கிழமை என்ன அவசரம் என்று அவள் யோசித்தாள். அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். குறி பார்க்கவென்று தனியாகச் செய்வித்த கண்ணாடி எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"கண்ணாடி எங்க?"

"நம்ம சுடுகளத்துக்கு வர்ற ப்ரிமோவுக்குக் குடுத்துட்டேன். அவனுக்குச் சரியா இருந்துச்சு."

"அது இல்லாம எப்படிச் சுடுவீங்க?"

"இனிமே தேவைப்படாது, ஃபௌஸ்தா."

கண்ணாடி வேண்டாமாம், துப்பாக்கி மட்டும் வேண்டுமாம். திறந்த இழுப்பறையை இடுப்பால் தள்ளி மூடினாள். "அடடா, மறந்தே போச்சு. நேத்து சோதிச்சப்ப ஸ்பிரிங் மறுபடி உடைஞ்சுது. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் வந்தார். தப்பான ஸ்பிரிங்கை அனுப்பிவிட்டார்கள் என்றாள். அதற்கடுத்த வாரம், பட்டறையில் ஆளில்லை. பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்து, போன வாரம் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்திருப்பதே பெரிய வேலையாகிவிட்டது. புதன்கிழமை விடிந்தாலே அவளுக்கு உடம்பு கனக்கும். காப்பிக் கடையில் ஆட்கள் கேலி பேசினார்கள். "என்ன ஃபௌஸ்தா, ஒரு ஸ்பிரிங்குக்கு ஏழு வாரமா? ரோமாபுரியையே அதுக்குள்ள கட்டியிருப்பாங்களே!" அவள் காப்பிக்குக் காசை வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினாள்.

எட்டாவது புதன்கிழமை ஒத்தொரீனோ மேஜையில் ஓங்கித் தட்டினார். "அரை மணி நேர வேலை! எங்கிட்டயே கதை விடறியா? நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், எவன் டிக்கெட் எடுக்கலைன்னு முகத்தப் பாத்தே சொல்லுவேன்."

ஃபௌஸ்தா முக்காலியில் உட்கார்ந்தாள். இனி ஒரு பொய்கூட அவளிடம் மிச்சமில்லை.

"அன்னிக்கே வேலை முடிஞ்சிருச்சு. உங்க கையில குடுத்துத் தனியா வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. சாகலாம்னு நெனைச்சீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நெனைச்சேன்," என்றார். "ஜனவரியிலேருந்து ஒருத்தரும் கேக்கல."

"உங்க மகளுக்குப் போன் போடப் போறேன்."

"போடாத."

"போடுவேன். என்னால இதைத் தனியா சுமக்க முடியல, ஒத்தொரீனோ. சோர்ந்து போயிட்டேன்."

மகள் நீவெஸ் அன்று மாலையே வந்து அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். டாக்டரிடமும் கூட்டிப் போனாள். ரிவால்வர் ஃபௌஸ்தாவின் இரும்புப் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று பேச்சு. ஞாயிறுதோறும் அவளே சுடுகளத்துக்குக் கொண்டு வருவாள், அவர் சுடுவார், அவளே திரும்ப எடுத்துப் போவாள். வாரத்தில் அந்த ஒரு நாள் காலையில் அவளுக்குக் கிடைத்த தூக்கமும் இப்படிப் போயிற்று.

ப்ரிமோ கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தான். முதல் ஞாயிறு ஒத்தொரீனோ மருந்துக்கு மேல் அடைப்பாகப் போடும் கோதுமை ரவையில் பாதியை மேஜையில் சிந்தினார். நூற்றுக்கு அறுபத்தொரு புள்ளிதான் வந்தது. "பஸ்ஸையே விட்டு ஏத்தியிருந்தாலும் இதைவிட நல்லா அடிச்சிருப்பேன்," என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் காதை அடைத்துக்கொண்டு கிடந்த ஃபௌஸ்தா, அந்த வெடிச்சத்தத்திலும் கண்ணசந்தாள். சுட்டு முடித்ததும் அவர் வெந்நீரும் சோப்பும் போட்டுக் குழலைக் கழுவினார். கரிந்த மருந்தின் கந்தகம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

செப்டம்பரில் எண்பத்தெட்டு எடுத்து மாவட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்தார். அவள் கைதட்டினாள், உட்கார்ந்தபடியே.

அக்டோபரில் ஒரு ஞாயிறு அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. எட்டு மணிக்குப் போன் வந்தது.

"இன்னிக்குச் சுட வேண்டாம். நீ தூங்கு," என்றார் ஒத்தொரீனோ.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். கடைசியில் நீவெஸை அழைத்தாள்.

"அப்பாவா? அடுப்படியில நிக்கிறாரு. போலேந்தா சோளக்களிய எனக்குக் கிண்டத் தெரியலைன்னு என்னோட சண்டை போட்டுட்டிருக்காரு. நீங்களே கேளுங்க."

கரண்டிச் சத்தமும் அவருடைய திட்டும் தெளிவாகக் கேட்டன. ஃபௌஸ்தா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மூன்று மணி வரை எழவில்லை.