ஈத்தர் எடுத்த செந்தூர்பாண்டி

சிவகாசியில் இருந்த காலண்டர் அச்சகத்தைச் சொர்ணலட்சுமியின் அப்பா மகள் பேரில்தான் எழுதி வைத்தார். மருமகன் செந்தூர்பாண்டி கையில் கொடுத்தால் மெஷின்கூட மிஞ்சாது என்று கல்யாணமான வருடமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. செந்தூர்பாண்டி அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் வேலை பார்த்துக் காட்ட வேண்டியிருக்குமே!

கொரோனா இரண்டாவது ஊரடங்கில் வீட்டில் மல்லாந்து கிடந்தவனுக்கு ஈத்தர் என்கிற கம்ப்யூட்டர் நாணயத்தின் மேல் காதல் வந்தது. கம்ப்யூட்டரில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுகளை ஓயாமல் கணக்குப் போட வைத்தால் அவை நாணயம் ஈனுமாம். அச்சக மாடியில் இருந்த ஏசி அறையைப் பிடித்துக்கொண்டு, இரும்புச் சட்டத்தில் கார்டுகளை வரிசையாக மாட்டினான். அதன்பின் அவன் பிழைப்பே டியூனிங்தான். மெமரி வேகத்தை ஒரு சொட்டு ஏற்றுவான், கரண்டை ஒரு சொட்டு குறைப்பான், திரையில் எண் கொஞ்சம் உயர்ந்தால் தொடையைத் தட்டிக்கொள்வான். ஆசை மிஞ்சி இன்னும் ஏற்றினால் கார்டு அப்படியே நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து.

"ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு குணம் இருக்கு சொர்ணா. அதைப் பழகணும்."

"மக எந்த வகுப்பு படிக்கான்னு கேட்டா முழிக்கீக. கார்டு குணம் மட்டும் தெரியுதாக்கும்?"

அடுத்த கோடையில் கார்டுகள் கொதித்தன. வெக்கையை வெளியேற்றச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு விசிறியை மாட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் காகித குடோன் என்பதை அவன் யோசிக்கவில்லை.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் குவிந்த நேரம். மெஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்துச் சொர்ணலட்சுமி திடுக்கிட்டாள். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. படத்திலிருந்த முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கிடந்தது. தாளைத் தொட்டாள். பொரித்த அப்பளம்போல் காய்ந்து நெளிந்திருந்தது. குடோனுக்குள் போனால் அனல் முகத்தில் அடித்தது. நேரே ஏசி அறைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"ஐயையோ! எம்புட்டுப் பாடுபட்டு டியூன் பண்ணுனேன்!" என்று செந்தூர்பாண்டி ஓடி வந்தான்.

"கடவுளுக்கு உதடு இடம் மாறிக் கிடக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதெல்லாம் இங்கன இருக்கக் கூடாது."

அவன் எங்கே போனான் தெரியுமா? எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலை நடத்தும் அவள் அண்ணன் காளிராஜிடம்! ஆலையில் சும்மா கிடக்கும் அறை ஒன்றைக் கேட்டான்.

"மாப்ள, நாங்க வாசக் கேட்டுலயே செல்போனை வாங்கி வச்சுக்கிடுதோம். பொறி தெறிச்சிரும்னு செருப்பைக்கூடக் கழத்தச் சொல்லுத இடம். அங்கன அடுப்பாட்டம் கொதிக்கிற பெட்டியவா வைக்கச் சொல்லுதீக?"

"டியூன் பண்ணுனா சூடு குறைஞ்சிரும் மச்சான்."

செந்தூர்பாண்டி கிளம்பியதும், இனி அவனை உள்ளே விடக் கூடாது என்று காளிராஜ் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டான். கேட்ட சொர்ணலட்சுமிக்கு ஆலைக் கொட்டகைகள்தான் கண்முன் வந்தன. அந்த ஆலையில் எத்தனை பெண்கள் வெடிமருந்து அடைக்கிறார்கள்! அதுவரை கேலியாக இருந்தது அன்றைக்குக் கசப்பாகிவிட்டது.

கடைசியில் சாத்தூரில் மூடிக் கிடந்த கோழிக்கடை ஒன்று அவனுக்கு அகப்பட்டது. கார்டுகளை மாட்டி, பழையபடி டியூன் செய்து முடித்தான். அடுத்த மாதமே ஈத்தர்காரர்கள் முறையை மாற்றிவிட்டார்கள். கார்டை வைத்து நாணயம் எடுப்பது உலகம் முழுக்க ஒரே நாளில் நின்றுபோனது. ஊரெல்லாம் கார்டை விற்றுத் தலைமுழுகியது. இவன் மட்டும் பேர் தெரியாத வேறொரு நாணயத்தைத் தேடிப் பிடித்தான்.

ஒரு மத்தியானம் சொர்ணலட்சுமி போய்ப் பார்த்தாள். சட்டையைக் கழற்றிப் போட்டு, வியர்வையில் தொப்பலாக நனைந்து, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா ஏறுது சொர்ணா" என்றான்.

"என்னது, கரண்டு பில்லா?"

அவன் மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதா என்று அவள் தன்னையே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். இல்லை.

கோழிக்கடையைக் காலி பண்ண வைத்து, இப்போது அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் மெஷின் முன்னால் அவனை உட்கார வைத்திருக்கிறாள். முதல் நாளே, ஒரு விரல் பட்டையை அழுத்தும் வாய்க்குள் இருப்பது தெரியாமல், அந்த மெஷின் வேகத்தைக் கூட்ட முடியுமா என்று திருகும் குமிழைத் தேடினான்.

பக்கத்தில் பட்டை அடித்துக்கொண்டிருந்த மாரிசெல்வி சொன்னாள்: "அண்ணாச்சி, முதல்ல விரலை எடுங்க."