ஹலீமாவின் கட்டைவிரல்

வாசலில் கழற்றிவிட்ட கட்டைச் செருப்பைக் கையில் எடுத்து, குதிகால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஹலீமா வந்தவளின் முகத்தையே பார்ப்பாள். ஒரு செருப்பு மட்டும் தேய்ந்திருந்தால் உதட்டைப் பிதுக்குவாள். "புள்ளைய எப்பவும் ஒரே இடுப்புலதான் தூக்குறே? இன்னொரு இடுப்பு என்ன, வீட்டுக்கு வந்த விருந்தாளியா?" இத்தனையும் வாசலிலேயே முடிந்துவிடும். உள்ளே போய்ப் பாயில் குப்புறப் படுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேக்கா சந்தைக்குப் பின்னால், பஃபலோ ரோட்டை ஒட்டிய சந்தில் அவள் வீடு. அப்பா நாகூர்க்காரர், அம்மா மலாய்க்காரி. வாய் அப்பாவிடமிருந்து வந்தது, கை அம்மாவிடமிருந்து. சுளுக்கு எடுப்பாள், பிடித்துக்கொண்ட முதுகை நீவிவிடுவாள், பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைச் சுற்றித் துணியை இறுகக் கட்டிவிடுவாள். பெண்களுக்கு மட்டும்தான். ஆம்பிளை எவனாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், "உங்களுக்குப் பிடிச்சு விடத்தான் வீட்ல ஆள் வச்சிருக்கீங்களே, போங்க" என்று அனுப்பிவிடுவாள்.

ஜப்பான்காரன் வந்து ஊர்ப் பெயரைச் சியோனான் என்று மாற்றியதிலிருந்து அவளுக்கு வேலை கூடிப்போனது. அரிசி அருகிப்போய் வீட்டுக்கு வீடு மரவள்ளி வந்துவிட்டது. வாழ்நாளில் மண்வெட்டியைத் தொட்டறியாத குமாஸ்தா வீட்டுப் பெண்களெல்லாம் புழக்கடையைக் கொத்திக் கிழங்கு நட்டார்கள். இடுப்பு சும்மா இருக்குமா? தேங்காய் எண்ணெய்க்கு ஆலாய்ப் பறக்க வேண்டியிருந்ததால் ஹலீமா சிவப்புப் பனை எண்ணெயைத் தடவ ஆரம்பித்தாள். யார் யார் அவளிடம் போய் வந்தார்கள் என்பது ரவிக்கை முதுகில் இருக்கும் கறையைப் பார்த்தாலே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால் எல்லாப் பெண்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஒண்ணுமில்லக்கா, லேசா." இந்த 'ஒண்ணுமில்ல'யைக் கேட்டால் ஹலீமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தே? பொம்பளைக்கு முதுகு வலிச்சா முதுகுல ஒண்ணும் இருக்காதுதான். யாரோ தலையில ஏறி உக்காந்திருப்பாங்க. யாருன்னு சொல்லு, இறக்கிவிட்டுடலாம்." அப்படிக் கேட்டதும் சில பேர் சிரிப்பார்கள். சில பேர் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவார்கள். அழுகிறவர்களிடம் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கட்டைவிரலை முதுகெலும்பின் ஓரமாகவே மெதுவாக நகர்த்திக்கொண்டு போவாள். அந்த விரல் வலியைக் கண்டுபிடித்து நிற்கும் இடத்தில்தான் அழுகையும் நிற்கும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. தெருவில் எந்தப் பெண் கூனிக்கொண்டு போனாலும் பொறுக்கமாட்டாள். முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் சரி, எதிர்ச் சாரியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "நிமிந்து நட புள்ள!" மீன் விற்பவர்கள்கூட ஒரு கணம் நிமிர்ந்துவிட்டுப் பிறகு தராசைப் பிடிப்பார்கள். பேர் தெரியாத பெண்களையெல்லாம் அவரவர் முதுகை வைத்துத்தான் அவள் நினைவில் வைத்திருந்தாள். "அந்தச் சாய்ஞ்ச தோள்பட்டைக்காரி நேத்து வந்தாளே" என்றால் யாரென்று அவள் புருஷனுக்கு மட்டும் புரியும்.

புருஷன் ஜமால் முகம்மது சந்து முனையில் சரபத் கடை என்கிற டீக்கடை வைத்திருந்தார். வறுத்த சோளத்தைப் பொடித்துக் காப்பி என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தேநீர் ஆற்றி ஆற்றி அவருக்கே முதுகு வளைந்திருந்தது. "ஊரு முதுகையெல்லாம் நிமித்துறா லா, என் முதுகுக்கு மட்டும் நேரமில்ல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைப்பார். ஒரு நாள் பாவம், ஆசையாக, "நீயும் நாள் பூரா குனிஞ்சு வேலை செய்றியே, நான் கொஞ்சம் நீவி விடவா?" என்று கேட்டார். "உங்க கை டீத்தண்ணிக்குத்தான் லாயக்கு, சும்மா இருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். தன் முதுகை யாரும் தொட அவள் விட்டதில்லை. அந்த மட்டில் அவள் வைராக்கியக்காரி.

கால்வாய்ப் பாலத்து முனையில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்பான். கடந்து போகிற எவரும் இடுப்பை வளைத்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். வணக்கம் போதாதென்று அவனுக்குத் தோன்றினால் கன்னத்தில் அறை விழும். முதுகு பிடித்த பெண்களுக்கு அந்தப் பாலம் பெரிய சோதனையாகிவிட்டது. ஹலீமா தன் வீட்டுக் கூடத்திலேயே அவர்களுக்கு வணங்கக் காட்டிக் கொடுத்தாள். "முதுகை வளைக்காத. தொடை சேருற எடத்துல மடி, கதவுக்கீலு மாதிரி. வளையறதுல குத்தமில்ல, எந்த எடத்துல வளையறேங்கறதுதான் சங்கதி." அப்படி வணங்கிய ஹலீமாவைப் பார்த்து ஒரு சிப்பாய் மெச்சித் தலையாட்டியதாக ஜமால் முகம்மது கடையில் பெருமையடித்துக்கொண்டார். அவள் காதுக்கு அது எட்டியபோது அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை அவருக்கு.

இப்படிப்பட்டவள் செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் இந்தச் சித்திரம் முடியாது.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம், வெகுகாலமாக ஹலீமாவிடம் வந்து போகிற பூரணம் என்ற யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். புருஷன் போருக்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் யோகம், கல்யாண வயது. அந்த வயதுப் பெண்களைப் பற்றி அப்போது ஊரில் உலவிய செய்திகளைக் கேட்டு, சிப்பாய்கள் வந்த நாள் முதலாகப் பூரணம் மகளை வெளியே விட்டதே இல்லை. கடை கண்ணிக்குப் போவது, கிழங்குக்குக் கொத்துவது எல்லாம் அவரே. ஒரு நாள் கொத்திக்கொண்டிருந்தவருக்கு இடுப்பு அப்படியே பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை எழுந்திருக்கவே முடியவில்லை. அன்றைக்குப் போய் வாங்காவிட்டால் பங்கீட்டு அரிசி போய்விடும். அரிசிக் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்.

தாய்க்கும் மகளுக்கும் வேறு வழி தெரியவில்லை. தலைமுடியில் சாம்பலைப் பூசி, நைந்த வெள்ளைச் சேலையைச் சுற்றி, கையில் ஒரு கழியைக் கொடுத்து, "கூனிக்கொண்டு போ பிள்ளை, ஒருத்தற்ற முகத்தையும் பாராதை" என்று பூரணம் மகளைக் கிழவியாக்கி அனுப்பினார். ஹலீமாவுக்கு இது எதுவும் தெரியாது. அந்தக் காலையில் அவள் பூரணம் வீட்டுப் பக்கம் போகவும் இல்லை. யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

முன்னால் ஒரு கிழவி போகிறாள். முகம் தெரியவில்லை, முதுகு தெரிகிறது. ஹலீமாவுக்கு அந்த முதுகு பிடிக்கவே இல்லை. கழுத்துதான் தொங்குகிறதே தவிர இடுப்பு வளையவில்லை. குதிகால் வேறு பூப்போலத் தரையைத் தொட்டுப் போகிறது. வயதான முதுகு இப்படி வளையாதே, இது கெட்ட பழக்கத்தால் வந்த கூனல் என்று கண் சொன்னது. ஏன், எதற்கு என்று மனசு யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஏ புள்ள, கழுத்தைத் தொங்கப் போடாத. நிமிந்து நட!"

பாவாடை கட்டிய நாளிலிருந்து அந்தக் குரலுக்கு நிமிர்ந்து பழகிய உடம்பு யோகத்துடையது. சிப்பாய்க்கு நேரே, பாலத்து முனையில், அவள் சடக்கென்று நிமிர்ந்துவிட்டாள். சாம்பல் பூசிய தலைக்குக் கீழே நீண்ட கழுத்தும் நேரான தோளும் வெளியே வந்தன. சிப்பாய் அவளையே பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளை நோக்கி நடந்தான்.

அப்போதுதான் ஹலீமா அந்த முதுகை அடையாளம் கண்டாள். ஓடினாள். சிப்பாய்க்கும் யோகத்துக்கும் நடுவில் போய் நின்று வணங்கினாள். வணங்கியபடியே ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் யோகத்தின் விலாவைத் தடவி, விலாவெலும்புக்குக் கீழே தனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினாள். நரம்பு துடிக்கும் இடம் அது. மறந்தும் அதில் அழுத்தக் கூடாது என்று அவள் அம்மா சொல்லித் தந்த இடம். யோகம் அலறிக்கொண்டு இரண்டாக மடிந்தாள். குமட்டலெடுத்து எச்சில் தரையில் வழிந்தது.

"சாக்கிட், துவான், சாக்கிட்" என்று ஹலீமா மலாயில் சீக்கு ஐயா, சீக்கு என்று சொல்லித் தன் நெஞ்சைத் தட்டி இருமிக் காட்டினாள். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். போகிற போக்கில் ஹலீமாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டான். பிறகு போ, போ என்று கையை வீசினான்.

ஒரு சந்து திரும்பும்வரை ஹலீமா அந்த விரலை எடுக்கவில்லை. எடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அறை வாங்கியதற்காக அல்ல. "என் வாயை வச்சுத் தைக்கணும் புள்ள. வலியை எடுக்கற கையால உனக்கு வலியைக் குடுத்துட்டேனே." யோகத்துக்கு இன்னும் மூச்சே சரியாகத் திரும்பவில்லை. ஆனாலும் அவள்தான் தேற்ற வேண்டியிருந்தது. "அழாதைங்கோ அக்கா. அரிசி முடியப்போகுது, வாங்கோ."

பூரணத்தின் இடுப்பு சரியாகப் பல மாதம் ஆனது. சரியான பிறகும் கிழங்குக் கூடையைத் தூக்க ஹலீமா விடவில்லை. அதனால் வெளிவேலை யோகத்தின் தலையில் விழுந்தது. அவள் பாலம் தாண்டும் நாளெல்லாம் ஹலீமாவும் கூடவே போனாள். கிழவி எப்படி வளைவாள், பாதத்தை எப்படி இழுப்பாள் என்று வழி நெடுகத் திருத்திக்கொண்டே போவாள். ஊரை நிமிர்த்தினவள் ஒருத்திக்குக் கூன் போடச் சொல்லித் தருகிறாளே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கொஞ்ச நாளில் தானும் சேலையை முக்காடிட்டுக் கூன் போட்டாள். இரண்டு கிழவிகள் சேர்ந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று ஜமால் முகம்மதுவிடம் காரணம் சொன்னாள். "வளைஞ்சு நடந்தா வாய் தானா மூடிக்குது" என்று யோகத்திடம் சொன்னாள். இரண்டாவதுதான் நிஜமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேக்காவில் அந்தக் குரல் அதன் பிறகு கேட்கவில்லை. மீன் விற்பவர்கள் தங்கள் பாட்டுக்குக் கூனிக்கொண்டு கிடந்தார்கள்.

திரும்பி வந்ததும் யோகத்தைப் பாயில் படுக்கப் போட்டு, பொய்க் கூனல் நிஜக் கூனலாகிவிடாமல் நீவி நிமிர்த்திவிடுவாள். ஒரு நாளும் தவறமாட்டாள். ஆனால் ஹலீமாவை நிமிர்த்த யாரும் இல்லை. ஜமால் முகம்மது மட்டும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, சந்துக்குள் குனிந்தபடி வரும் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்கப் பயம் அவருக்கு.

சண்டை முடிந்தது என்ற செய்தி முதலில் காதோடு காதாக வந்தது. பிறகு தெருவெல்லாம் வந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பாலத்து முனையில் ஆளில்லை. நம்ப மனமில்லாமல் ஜனங்கள் வெற்றிடத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். பழக்கதோஷம், என்ன செய்வது? பூரணம் மகளைத் தலை முழுகவைத்து, பெட்டியில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தார். யோகம் ஈரத் தலையோடு வீட்டைவிட்டு இறங்கினாள். தெருவில் ஹலீமா கூடையோடு நின்றிருந்தாள். இருவரும் நடந்தார்கள்.

பாலத்தின் நடுவில் வரும்போது யோகத்தின் தோள் தானாக விரிந்து, கழுத்து நீண்டு, அவள் முழு உயரத்துக்கு நிமிர்ந்தாள். யாரும் சொல்லவில்லை. பின்னால் குரல் வருமென்று எதிர்பார்த்தவள் போல ஒரு கணம் நின்றாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

ஹலீமா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதே கிழவி வளைவில், நாலடி பின்னால் நின்றிருந்தாள். நிமிர முயற்சி செய்துகொண்டிருந்தாள். முடியவில்லை. முகம் வேர்த்திருந்தது.

"நிமிர ஏலாதோ அக்கா?"

"ஒண்ணுமில்ல புள்ள, லேசா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. யோகம் சிரிக்கவில்லை. ஹலீமாவின் இடுப்பிலிருந்து கூடையை வாங்கித் தரையில் வைத்தாள். பின்னால் போய் நின்றாள். இத்தனை காலம் பாயில் குப்புறக் கிடந்து தன் முதுகிலேயே பாடம் படித்த இடத்தைத் தேடி, ஹலீமாவின் முதுகெலும்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தாள். ஹலீமா உடம்பைச் சிலிர்த்து விலகப் போனாள். விலகவில்லை. பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"கொஞ்சம் கீழ, புள்ள," என்றாள்.