கொத்தனார் பாக்கியம்

அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா போனில் அழுதாள். "பாக்கியம் போயிட்டாடா. நெஞ்சு வலிக்குதுன்னா. வண்டி வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு." எங்கள் காலனியில் எல்லோருக்கும் பழக்கமான பாக்கியம் அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நம் காலனிக்கு அவரைத் தெரியும். வாரமெல்லாம் டவுனில் சாந்துச்சட்டி சுமந்த சித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சுவர்களைக் காப்பாற்றிய கொத்தனார். இந்த இரண்டாவது பெயரை அவர் கேட்டும் யாரும் கொடுக்கவில்லை. இந்த அஞ்சலியில் அதை மறைத்து "நல்ல உழைப்பாளி" என்று மட்டும் எழுத எனக்கு மனமில்லை.

நம் வீடுகளைக் கட்டியவர்கள் போர்வெல் உப்புத்தண்ணியில் சிமெண்டைக் குழைத்தார்கள். தட்டிக் கேட்க நமக்கு யார் இருந்தார்கள்? சில வருடங்களில் செங்கல்லுக்கு இடையிலிருந்த சாந்து மாவாக உதிர்ந்தது. எங்கள் மேற்குச் சுவரின் இடுக்கில் விரல் நுழைந்தது. வந்து பார்த்த கொத்தனார்கள் மேலே பூசிவிடலாம் என்றார்கள். அக்கா ஆணியால் சுரண்டிப் பார்த்தார். "புண்ணைக் கழுவாமப் பவுடர் போடச் சொல்றாக. உதுந்ததத் தோண்டி எடுத்துட்டுப் புதுசா அடைக்கணும், மதினி."

தோண்டிய இடுக்குகளை நனைக்க அவர் நல்ல தண்ணிக் குடத்தைத் தூக்கியதும் அம்மா கத்தினாள்: "ஏடி, குடிக்கவே லாரிய எதிர்பாத்துக் கெடக்கோம்!"

"செங்கல்லும் குடிக்கட்டும் மதினி. இல்லைன்னா சாந்துல உள்ள தண்ணிய உறிஞ்சிரும். அப்புறம் சாந்து எப்படிப் பிடிக்கும்?"

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் முடிந்தது. அக்காவுடைய கட்டடத் தொழிலாளர் சங்க அட்டையில் சித்தாள் என்று இருந்தது. கொத்தனார் என்று மாற்றும் படிவத்தில் ஒரு கொத்தனாரின் கையெழுத்து வேண்டும். தன் மேஸ்திரியை எங்கள் சுவருக்கே அழைத்து வந்தார். மேஸ்திரி பத்து இடத்தில் குத்திப் பார்த்தார். ஒரு பொட்டுகூட உதிரவில்லை.

"வேல சுத்தம்த்தா. ஆனா ஒனக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எவளும் சட்டி தூக்க வர மாட்டா."

"நீங்களே தூக்குங்கண்ணே. தொப்ப குறையும்."

அக்கா சிரித்துத்தான் சொன்னார். அதன் பிறகு நான்கு பேரிடம் கேட்டார். ஒருவரும் போடவில்லை. கையெழுத்தில்லாத அந்தப் படிவம் இப்போதும் அவர் வீட்டில் இருக்கிறது.

அஞ்சலி பேனரில் 'கொத்தனார் பாக்கியம்' என்று அடிக்கச் சொன்னேன். மாலையோடு வந்த மேஸ்திரி அதைப் படித்தார். "தம்பி, தப்பா அடிச்சிருக்காகளே."

"சரியாத்தான் இருக்கு. ஒங்க கையெழுத்துதான் இல்ல."

மாலையை வைத்துவிட்டுத் தலை குனிந்தபடி போனார்.

கோபம் என்னிடம் ஏற்கெனவே நிறைய உண்டு. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. சுவர் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கூப்பிடாமலே வந்தார். பீரோவை நகர்த்தச் சொன்னார். உச்சி வெயிலில் அவசரமாக அடைத்த இரண்டு வரிசையில் முடியளவு கீறல். முழுவதையும் தோண்டத் தொடங்கினார்.

"பீரோ மறைச்சிரும்லக்கா, யாரு பாக்கப் போறா?" என்றேன்.

கரண்டியை நிறுத்தாமலே கேட்டார்: "மழைக்கும் பீரோ மறைக்குமா, தம்பி?"

எதை எழுதினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இனி முடிப்பேன்.