மூன்றாவது லைனைத் திறந்தவள்

வில்மா ஹோலுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட அவளை எனக்குப் பிடித்ததில்லை. காலை வணக்கம் சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பாள். பேனாவை இரவல் கேட்டால் எதற்கு என்று கேட்பாள். மேற்கு டெக்சாஸில் எங்கள் பிளம் டிரா மின் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவள் தலைமை, நான் அடுத்தவன்.

எங்கள் மாவட்டம் முழுவதும், பஞ்சாலை, பாசன மோட்டார், வீடுகளின் ஏசி எல்லாம் சேர்த்து, கோடையில் நாற்பது மெகாவாட் இழுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கம்பெனி வந்து கணினிக் கிடங்கு கட்டியது. அது மட்டும் நூற்றெண்பது. யானைக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டுகிற கதைதான்.

கம்பெனி வந்ததில் ஊருக்கு ஏக சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை, கால்பந்து மைதானத்துக்கு விளக்கு, ஆள்களுக்கு வேலை. என் மருமகன் டஸ்டினுக்கே அவர்களுடைய இரண்டாவது கட்டடம் கட்டுகிற வேலை கிடைத்தது. வில்மா மட்டும் முறைத்துக்கொண்டிருந்தாள். "நெருக்கடின்னு மாநில மின் கட்டுப்பாட்டு மையம் சொன்னா, பத்து நிமிஷத்துல அறுபது மெகாவாட் குறைக்கணும். குறைக்கலைன்னா நானே லைனைத் திறந்து கரண்ட்டை வெட்டுவேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்த பிறகுதான் இணைப்புக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, நூற்றுப் பன்னிரண்டு டிகிரி வெயில். காற்றாலைகள் அசையவில்லை. வடக்கே ஒரு பெரிய மின் நிலையம் நின்றுபோயிருந்தது. மணி நாலு பன்னிரண்டுக்கு மாநில மையத்திலிருந்து உத்தரவு வந்தது: உடனே அறுபது குறையுங்கள்.

வில்மா கம்பெனியைக் கூப்பிட்டாள். ட்ரென்ட் கால்பிரெய்த் என்கிற மேலாளர் எடுத்தான்.

"மேடம், இன்னைக்கு மட்டும் விடுங்க. மூணு வாரமா ஓடுற கணக்கு, நாளைக்கு முடியுது. ஊர்ல ஒரு மணி நேரம் ஏசிய நிறுத்தினா யாரும் செத்துட மாட்டாங்க."

"ஊரு மொத்தமே நாப்பதுதான் தம்பி. முதியோர் இல்லத்தையும் சேத்து அணைச்சாலும் எனக்கு இன்னும் இருபது வேணும். உங்க ஜெனரேட்டர ஓட்டுங்க."

"அது ஸ்டார்ட் ஆக நேரமாகும்."

"பத்து நிமிஷம் இருக்கு."

மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை அவன் குரல் மாறியது. "உங்க சங்கத் தலைவர்கிட்ட பேசிட்டேன். கை வெச்சீங்கன்னா உங்க வேலை போயிடும்."

திரையில் மின்சாரத்தின் அதிர்வெண் இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் மாநிலத்தில் பாதி தானாகவே இருண்டுவிடும்.

"கர்டிஸ், மணி என்ன?" என்றாள்.

"நாலு இருபத்திமூணு."

அவள் கிடங்குக்குப் போகும் மூன்று லைன்களில் மூன்றாவதைத் திறந்தாள். அறுபது மெகாவாட் விழுந்தது. அதிர்வெண் இறங்குவது நின்றது, மெல்ல ஏறியது.

கிடங்கில் அந்த லைனை நம்பியிருந்த கூடத்துக்கான ஜெனரேட்டர் கிளம்பவே இல்லை. மூன்று வாரக் கணக்கு அழிந்தது. ஒரு வாரத்தில் இரண்டாவது கட்டட வேலையை நிறுத்திவிட்டார்கள். இருநூறு பேர் வீட்டுக்குப் போனார்கள், டஸ்டினும்தான்.

அன்று எந்த வீட்டிலும் மின்சாரம் போகவில்லை. அதுதான் வினை. அணையாத விளக்கைக் காட்டி, இது அணைந்திருக்கும் என்றால் யார் நம்புவார்கள்? மளிகைக் கடையில் அவள் முகத்துக்கு நேராகவே பேசினார்கள்.

"ஊரு வயித்துல அடிச்ச மகராசி வந்துட்டாங்கப்பா, வழி விடுங்க."

"அதான் அடிச்சாச்சே, இன்னும் என்ன வேணுமாம்?"

"முட்டை வேணும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய தபால் பெட்டியில் யாரோ ஸ்கங்க் என்கிற நாற்றப் பிராணி ஒன்றைச் செத்தபடி திணித்தார்கள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவளும் வரிசை மாறவில்லை.

சங்கத் தலைவர் ஹாய்ட் லெட்பெட்டர் ஒரு சனிக்கிழமை மதியம் புகைபோட்ட மாட்டிறைச்சியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"ஆறாவது நிமிஷமே கட் பண்ணிட்டாள்னு எழுதிக் குடுய்யா. போதும். அவள அனுப்பிட்டா கம்பெனி திரும்பி வருது, உன் மருமகனுக்கும் வேலை. உனக்கு அவமேல என்ன பாசம்?"

"ஒரு பாசமும் இல்ல."

"அப்புறம் என்ன?"

எழுதிவிடத்தான் நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் நாலு இருபத்திமூன்று என்று சொன்னது என் வாய். அதை நாலு பதினெட்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "இறைச்சிய எடுத்துட்டுப் போங்க ஹாய்ட்" என்றேன். எடுத்துக்கொண்டுதான் போனார்.

நவம்பரில் அவள்மேல் விசாரணை. வில்மா ஒப்பந்தத்தைப் படித்தாள், நான் மணியைச் சொன்னேன், தொலைபேசிப் பதிவு ஓடியது. ட்ரென்ட் தன் மிரட்டலைத் தானே கேட்டுக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தான். அவள் வேலைக்கு ஆபத்து இல்லை என்று முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. டஸ்டின் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஞாயிறு விருந்துக்கு மகள் மட்டும் தனியாக வருகிறாள்.

வசந்தத்தில் கம்பெனி திரும்பி வந்தது. இந்த முறை வில்மா கேட்டது இன்னும் கடுமை: தொலைபேசியே வேண்டாம், உத்தரவு வந்தால் சுமை தானாக இறங்க வேண்டும், சோதித்துக் காட்டினால்தான் இரண்டாவது கட்டடத்துக்கு மின்சாரம். நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். வழக்குப் போடுவோம் என்றார்கள். "போடுங்க" என்றாள். கடைசியில் போட்டது கையெழுத்துத்தான்.

அந்த ஜூலையில் சோதனை நடந்தது. நான்கு நிமிடத்தில் அறுபது மெகாவாட் தானாக இறங்கியது. நான் திரும்பி, "ஜெயிச்சுட்டீங்க போல" என்றேன்.

"ரெண்டாவது லைன்ல வோல்டேஜ் பாத்தியா இல்லையா?" என்றாள் வில்மா.

பார்க்கவில்லை. பார்த்தேன்.