முதுகு காட்டிய முக்கோணம்

மழை தொடங்கியதும் அவர் காரை நிறுத்திவிடுவார். பாலத்தின் நட்டநடுவில், பின்னால் வருகிற கார்களெல்லாம் இடித்துக்கொண்டு போக, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருக்கும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் வரைகிறது என்று காட்டும் எண். வெயிலில் அறுபது, மழையில் பதினெட்டு. காய்ச்சல் பிள்ளைக்கு வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்போல் முகம் சுருங்கிப்போகும்.

உண்மையில் அந்த கார் கேம் மனைவியுடையது. கார் ஓட்டுவதில் அம்மாள் சூரப்புலி. ஆனால் மழைப் பாலத்தில் படம் திக்கித் திணறும். ஒவ்வொரு முறையும் ஆற்றில்தான் போய் விழுவாள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்றாள். பழசையே ஓடவைத்துக் காட்டுகிறேன் என்று இவர் வாயை விட்டுவிட்டார். பகலெல்லாம் கடையில் மூக்குக்கண்ணாடி ஃபிரேம். வீட்டுக்கு வந்தால் இந்த ஃபிரேம்.

லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் என்பதால் நோண்டுவதற்கு இடம் நிறைய. ஒரு ஞாயிறு நிழல்களை நிறுத்தினார். நிழலில்லாத கார் பேய் மாதிரி இருக்கிறது என்று அவள் ஓட்ட மறுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கிராஃபிக்ஸ் கார்டுக்கு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகப் போட்டிருப்பதாகப் பெருமையோடு சொன்னார்.

"ஓட்டுறது நானு. டிரைவர எதுக்கு மாத்துறீங்க?"

எண் இருபத்துநான்கு ஆனது. கார் கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தது.

அதற்குமேல் ஏறவில்லை. மழைத்துளியைக் கம்ப்யூட்டர் எப்படித்தான் வரைகிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று கிராஃபிக்ஸ் புரோகிராமிங் படிக்க உட்கார்ந்தார். பாடம் முதலில் ஒரு முக்கோணம் வரையச் சொன்னது. கார், பாலம், மழை எல்லாமே முக்கோணங்களின் கூட்டம்தானாம். எழுதினார், ஓடவிட்டார். கறுப்புத் திரை. பிழை என்று ஒரு வரிகூட இல்லை. திட்டினாலாவது தேவலை, இப்படி வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது என்று புலம்பினார். கோபம் வந்தால் நீங்களும் அப்படித்தான் என்றாள் அவள்.

கடையிலும் அதே நினைப்பு. வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணைக் கருவி வழியே பார்த்துக்கொண்டிருந்தவர், "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரே இருட்டு" என்று தன்பாட்டுக்கு முணுமுணுத்தார். அந்த மனிதர் எழுந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ஒருநாள் மாலை விஷயம் பிடிபட்டது. மூன்று மூலைகளையும் எந்த வரிசையில் சொல்கிறோமோ, அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் முன்பக்கமா பின்பக்கமா என்று முடிவு செய்கிறது. பின்பக்கம் என்றால் வரைய மெனக்கெடுவதில்லை. இரண்டு மூலைகளை இடம் மாற்றினார். செக்கச்செவேலென்று ஒரு முக்கோணம் வந்து நின்றது.

அவர் போட்ட கூச்சலில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். மழை எங்கே என்று கேட்டாள்.

"மழை வரும். மொதல்ல இவர பாரு. இத்தன நாளா இங்கதான் இருந்திருக்காரு, முதுகக் காட்டிக்கிட்டு."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இவ்வளவுதானா?"

அவர் அவள் மூக்கிலிருந்து கண்ணாடியை மெல்லக் கழற்றி, சட்டை நுனியால் இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு, அவள் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பினார்.